நாற்பதுக்குப் பின் நான்கு கிலோ

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் உடல் எடையில் வந்து நிற்பதைக் காண்கிறோம். திருமணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போதும், தேரடி வீதியில் காய் வாங்கும்போதும் இதே பேச்சுத்தான். "எவ்வளவோ செய்து பார்த்துவிட்டேன், குறைய மாட்டேன் என்கிறது" என்பார் ஒருவர். "இந்த வயதில் அப்படித்தான்" என்று தேற்றுவார் மற்றவர். நம் கல்லூரி ஆசிரியர் அறையிலும் இப்பேச்சு அடிபடுவதுண்டு என்று கேள்வி. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக!

குறையவில்லை என்ற குறையில் பாதிதான் உடலைப் பற்றியது. மற்றப் பாதி, எவ்வளவு குறையும் என்று நாம் எதிர்பார்த்தோம் என்பதில் அடங்கியிருக்கிறது. பேருந்து நிலையச் சுவரில் "30 நாளில் 15 கிலோ" என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஒருவர் நடக்கத் தொடங்கினால், இரண்டு கிலோ குறைந்த அன்று அவர் மகிழமாட்டார். மனமுடைந்து நடையை நிறுத்திவிடுவார். அந்த இரண்டு கிலோ எவ்வளவு பெரிய செய்தி என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எண்திசை லிங்கங்களையும் வணங்கி, ஆதி அண்ணாமலையில் சற்றே நின்று, நடுத்தர வேகத்தில் நடந்தால் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். பௌர்ணமி இரவில் நடக்கும் பெருங்கூட்டத்தில் பக்திக்காக வருவோரே மிகுதி. எனினும், "சாமிக்குச் சாமியும் ஆச்சு, உடம்புக்கு உடம்பும் ஆச்சு" என்று சொல்லி நடக்கும் நடுவயதினரும் அதில் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு.

சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய அரை கலோரி கூடுதலாகச் செலவாகிறது. 75 கிலோ எடையுள்ளவர் 14 கிலோமீட்டர் நடந்தால் 525 கலோரி. மனித உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ ஏறக்குறைய 7,700 கலோரி. வகுத்துப் பாருங்கள். மலையை ஒருமுறை சுற்றிவந்தவர் கரைத்த கொழுப்பு 70 கிராமுக்கும் குறைவு! ஆண்டு முழுதும் பன்னிரண்டு பௌர்ணமியும் தவறாமல் சுற்றினாலும் ஒரு கிலோ நிறையாது. அதுவும் நடந்து முடித்தவுடன் ஒரு தட்டு நெய்ப் பொங்கலும், இரண்டு உளுந்து வடையும், சர்க்கரை போட்ட காபியும் சாப்பிடாமல் இருந்தால். சாப்பிட்டுவிட்டால் 600 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடும். கணக்கு நேராகி, நமக்கே கொஞ்சம் பாக்கியும் விழும்.

"இல்லையே, நடந்துவிட்டு வந்து எடை பார்த்தேன், ஒரு கிலோ குறைந்திருந்தது" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. குறைந்தது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். பட்டினி தொடங்கிய முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அது தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அச்சேமிப்புச் செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. விளம்பரப் பொடி விற்பவர்களின் வாணிகம் இந்த முதல் வாரத்தை நம்பியே நடக்கிறது. மூன்றாம் வாரத்தில் எடை நின்றுவிடும். அதற்குள் பொடிக்குப் பணம் கொடுத்தாயிற்று.

இக்கணக்கை நான் முதலில் போட்டது என் தந்தைக்காக. சின்னக்கடைத் தெருவில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருப்பவர். வயது 46, எடை அப்போது 83 கிலோ. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். திருமணத்தின்போது தாம் 60 கிலோ இருந்ததாக நினைவு வைத்திருந்தவர், அந்த அறுபதையே இலக்காக வைத்து ஆறு பௌர்ணமி மலை சுற்றினார். ஏழாவது பௌர்ணமியன்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். "ஆறு தடவ சுத்திட்டேம்மா. முழுசா ஒரு கிலோகூட எறங்கல. இந்த வயசுல அவ்ளோதான் போல, விடு" என்றார். பௌர்ணமிக்கு ஒருமுறை நடப்பதால் ஆறு மாதத்தில் அரைக்கிலோவுக்குள்தான் குறைய முடியும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வணிகராதலால் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. "அப்ப தெனமும் நடக்கணும்னு சொல்ற" என்றார்.

அவர் சொன்ன "இந்த வயசுல அவ்ளோதான்" என்பதையும் ஆராய வேண்டும். நாற்பதானால் உடலுக்குள் எரியும் நெருப்பு தணிந்துவிடுகிறது, ஆகவேதான் பருமன் ஏறுகிறது என்பது பரவலான நம்பிக்கை. 2021ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 29 நாடுகளில், பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் மேற்பட்டோரின் அன்றாட ஆற்றல் செலவை அளந்த ஆய்வு அது. உடலின் பருமனையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று அது காட்டியது. அறுபதுக்குப் பிறகே மெல்ல இறங்குகிறது.

அப்படியானால் நாற்பதில் தொந்தி விழுவதேன்? நெருப்பு தணியவில்லை, நம் வாழ்க்கை தணிந்துவிட்டது. மாணவப் பருவத்தில் மிதிவண்டி மிதித்தவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். கிணற்றில் நீர் இறைத்தவர் குழாயைத் திறக்கிறார். பயன்படுத்தாத தசை ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் குறைகிறது; இலையில் விழும் சோறு மட்டும் குறைவதில்லை. அச்சோற்றின் தன்மையும் ஒரு காரணம். இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வைக் கொண்டு 2025இல் வெளியான கட்டுரை கூறுகிறது. காலையில் இட்லி, பகலில் சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் தோசை. இடையில் பருப்பும் சுண்டலும் எட்டிப் பார்க்கும் விருந்தாளிகள். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் கொழுப்பு இடுப்புக்கும் வயிற்றுக்கும் இடம் மாறிச் சேர்கிறது என்பதையும் மறக்கலாகாது.

இனி, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். பல காலமாக ஒரு பழைய வாய்ப்பாடு புழக்கத்தில் உள்ளது. 1958இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது. ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி. ஒரு கிலோவுக்கு 7,700 என்று நான் மேலே சொன்னதும் அதே கணக்குத்தான். ஒரு நாள் நடைக்கு இக்கணக்கு பொருந்தும். ஆண்டுக்கணக்கில் நீட்டினால் வேடிக்கையாகிவிடும். நாள்தோறும் ஒரு தம்ளர் சர்க்கரைக் காபியை, அதாவது ஏறக்குறைய 100 கலோரியை ஒருவர் நிறுத்துகிறார் என்று கொள்வோம். பழைய கணக்கின்படி ஆண்டுக்கு 4.7 கிலோ குறைய வேண்டும். 75 கிலோ மனிதர் பதினாறே ஆண்டில் ஒன்றுமில்லாமல் மறைந்துபோக வேண்டும்! உடலை இலேசாக்கும் இலகிமா என்ற சித்தியை நாடிச் சித்தர்கள் இம்மலைக்கு வந்து தவங்கிடந்திருக்க வேண்டியதில்லை. காபியை விட்டிருந்தாலே போதும்.

உண்மையில் நடப்பது வேறு. எடை குறையக் குறைய, அச்சிறிய உடலைச் சுமக்கவும் காக்கவும் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. பசியும் கூடுகிறது. ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி எடை நின்றுவிடும். கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2011இல் 'லான்செட்' இதழில் இதற்குப் புதிய கணக்கைத் தந்தனர். அன்றாட உணவில் நிலையாக 24 கலோரி குறைத்தால், இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு. ஏறக்குறைய முழுதும் குறைய மூன்றாண்டு. ஆக, அந்த 100 கலோரிக் காபியை நிறுத்தியவருக்கு முதலாண்டில் 2 கிலோ, மூன்றாண்டில் 4 கிலோ, அத்துடன் நின்றுவிடும். அந்த 4 கிலோவும் அவர் காபிக்குத் திரும்பாத வரையில்தான்.

பெரும் பொருட்செலவில், பயிற்சியாளர்களை வைத்து நடத்திய ஆய்வுகளிலும் இதைவிட வெகு அதிகமாகக் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் முடிவு வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிட நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்கள் சராசரியாக 94 கிலோவில் 5.6 கிலோ குறைந்தனர். அதாவது நூற்றுக்கு ஆறு. ஆயினும் அந்த ஆறுக்கே அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. இப்போது ஊசி மருந்துகள் வந்துள்ளன. செமாகுளுடைட் என்பதை வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு வரை குறைந்ததாக 2021இல் செய்தி வந்தது. நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக 2022இல் அடுத்த செய்தி வந்தது. தேவைப்படுவோர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய பொருள் அது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்குவதன்று.

நம் மக்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு அமெரிக்காவில் நடந்ததன்று, சென்னையில் நடந்தது. டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைத்தான் குறிப்பிடுகிறேன். சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றிருந்த 531 பேர் அதில் கலந்துகொண்டனர். சராசரி வயது 46. என் தந்தையின் வயதேதான். ஒரு சாராருக்கு வழக்கமான அறிவுரை மட்டுமே தரப்பட்டது. இன்னொரு சாராரிடம், சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுங்கள், நாளும் அரைமணி நேரம் விரைந்து நடங்கள் என்று சொல்லி, விடாமல் தொடர்ந்து விசாரித்துவந்தார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் சாராரில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது.

நடந்தவர்களின் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை!

இவ்வரியைப் படித்தபோது நான் மறுமுறையும் படித்தேன். எடை இறங்கவில்லை, நோய் தள்ளிப்போயிற்று. எடை பார்க்கும் இயந்திரத்தின் முள்ளை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் அனைவரும் தோற்றவர்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்று மூன்றாம் மாதத்தில் நடையை நிறுத்தியிருந்தால், நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பியிருக்கமாட்டார்கள்.

இது எப்படி நிகழ்கிறது? நடக்கும்போது இயங்கும் தசை, இன்சுலினின் துணைக்குக் காத்திராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நாள்தோறும் நடப்பவரின் தசை இன்சுலினுக்கும் நன்றாகச் செவிசாய்க்கிறது. எடைமுள் இதையெல்லாம் காட்டாது. கொழுப்பு சிறிது போய்த் தசை சிறிது வந்தால் அதையும் காட்டாது.

நம்மவர் உடம்பின் இன்னொரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும், இலண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள்ளே கொழுப்பை ஒளித்து வைத்திருக்கும் உடம்பு நம்முடையது. இதனால்தான் மேலைநாட்டாருக்கு 25 என்று வைத்த எல்லையை இந்தியருக்கு 23 என்று இறக்கினார்கள். இடுப்புச் சுற்றளவும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்றார்கள். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். "என் கால்சட்டை அளவு முப்பத்து நான்குதான்" என்று தொந்திக்குக் கீழே கச்சை கட்டிக்கொண்டு பெருமைப்படுவது கணக்கில் சேராது.

ஆகவே நடுவயதினருக்கு நான் சொல்லக்கூடிய எண் இதுதான். 80 கிலோ உள்ளவர் ஓராண்டில் 4 கிலோ குறைத்து, அடுத்த ஆண்டும் அதைக் காத்துக்கொண்டால் அது முழு வெற்றி. இரண்டே கிலோ என்றாலும் இடுப்பு மூன்று விரற்கடை உள்ளே போயிருந்தால் அதுவும் வெற்றி. ஒன்றுமே குறையாமல் ஏறாமல் நின்றால்கூட, நடை நிற்காத வரையில் சென்னை ஆய்வு அவர் பக்கம் இருக்கிறது. திருமண நாளின் எடைக்குத் திரும்புவது என்பது இருபதாண்டை வண்டியில் ஏற்றிப் பின்னால் தள்ளும் முயற்சி.

என் தந்தை ஓராண்டுக்கு மேலாகக் கடை திறக்குமுன் நாளும் அரைமணி நடக்கிறார். இரவில் தோசையை நான்கிலிருந்து இரண்டாக்கி, கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்துக்கொண்டார். இப்போது 79 கிலோ. இடுப்பு 101 சென்டிமீட்டரிலிருந்து 96. சர்க்கரை இன்னும் அதே எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது, ஆனால் தாண்டவில்லை. மலை சுற்றுவதையும் விடவில்லை. இப்போது அதைச் சாமிக்காக மட்டும் சுற்றுகிறார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போவதுண்டு. கல் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் நடப்பது புண்ணுக்கு வழி. மருத்துவரைக் கேட்டுவிட்டு நடப்பதே நலம். குறைந்தது, நடந்து முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மற்றொன்று: முயற்சி ஏதுமின்றித் தானாக எடை இறங்கினால் மகிழ்ந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயோ காசநோயோ இருக்கக்கூடும். உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதை அறிந்திருப்பதனாலோ என்னவோ, நம் ஊரில் ஒருவர் அரும்பாடுபட்டு நான்கு கிலோ இளைத்துத் திருமண வீட்டுக்குப் போனால், "என்ன இப்படி எளைச்சுப் போயிட்டீங்க, சுகர் வந்துடுச்சா?" என்று நான்கு பேர் கேட்டு அவரை மறுபடியும் பாயசத்துக்குத் துரத்திவிடுகிறார்கள்.

2023இல் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்துத் தொடங்கிவைத்தது. நல்ல திட்டம். ஆனால் காலை ஆறு மணிக்கு நடப்போரை நின்று பார்த்தால் ஆண்களே மிகுதி. நம் தாய்மார்கள் அந்நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமின்றித் தாமே உண்பவர்கள் அவர்கள்; நாள் முழுதும் நின்று வேலை செய்தும் விரைந்து நடக்க அரைமணி கிடைக்காதவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்க் கலோரிக் கணக்கு சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அரைமணி நேரத்தை யாராவது கையில் எடுத்துக் கொடுத்தாலன்றி அவர்களுக்கு அது வராது. எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் காலை அடுப்பை நான் பற்றவைக்கிறேன். சட்னிக்குத் தம்பி தேங்காய் துருவுகிறான். அம்மா பக்கத்து வீட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு ஈசான்யலிங்கம் வரை போய்த் திரும்புகிறார்கள். எடை இன்னும் பார்க்கவில்லை.